பழைய லாண்ட் ரோவருக்குக் கதவுக் கைபிடியும் ஒரே திறப்பும்

வண்டியின் முன் கதவுகள் இரண்டும் இப்போது ஒரே திறப்பில் (சாவியில்) பூட்டித் திறக்கின்றன. பழைய ராணுவ வண்டிக்குக் கைபிடி தேடி அலைகிறவர்களுக்கு உதவட்டும் என்று, இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

வண்டி லாண்ட் ரோவரின் சீரீஸ் 2ஏ ரகம், முன் பின் சில்லுகளுக்கு இடையே 88 அங்குலம், அலுமினியக் கூரை. ராணுவ ஏலத்தில் யாரோ எடுத்து, அநுராதபுரம், வவுனியா என்று கை மாறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. எங்கள் ஊரில் அந்த ராணுவப் பச்சையைக் கண்டால் வயதானவர்களுக்கு முகம் மாறும். அது நியாயம்தான். அதனால் வாங்கிய கையோடு நிறத்தை மாற்றிவிட்டேன். கதவு வேலை பின்னால் தள்ளிப் போனது. வலது கைபிடி பாதியில் முறிந்திருந்தது. இடதில் கைபிடி இருந்தது, பூட்டு இல்லை. கொண்டி வைத்து ஆமைப்பூட்டுப் போட்ட துளைகள் மட்டும் தெரிந்தன.

ராணுவ வண்டிகளில் இது சாதாரணம். கடமையில் இருப்பவர் எவரும் வண்டியை உடனே எடுக்க வேண்டும், திறப்பைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஜீப்களை இயக்கத் தொடக்கத்தில் திறப்பு இருந்தது, ஆனால் எல்லாவற்றுக்கும் எச் 700 என்ற ஒரே திறப்புத்தான். பிறகு அதையும் விட்டுவிட்டுத் திறப்பில்லாத சுவிட்ச் வைத்தார்கள். பிரித்தானிய ராணுவத்தின் லாண்ட் ரோவர்கள் பலவற்றிலும் அப்படித்தான். 1948இல் வந்த முதல் லாண்ட் ரோவர்களின் கதவுக்கு வெளிக் கைபிடியே கிடையாது. பக்கத் திரையின் மடிப்புக்குள் கையை விட்டு உள்ளே இருக்கும் நெம்பைத் திருப்ப வேண்டும். ஆகவே ராணுவ வண்டிக்கு அசல் பூட்டு வேண்டும் என்று தேடினால், அப்படி ஒன்று அந்த வண்டியில் இருந்திருக்கவே மாட்டாது என்பதும் நடக்கும். பொதுமக்கள் ஓட்டிய சீரீஸ் வண்டிகளில் இருந்துதான் எடுத்துப் பொருத்த வேண்டும்.

ஸ்ரான்லி வீதிக் கடைகளில் கேட்டால் எல்லாரும் கொழும்பைக் கை காட்டினார்கள். சரி என்று பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே பெட்டி பெட்டியாகக் கைபிடிகள் கிடக்கும், ஆனால் மூன்று விஷயத்தைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. முதலாவது, இடதா வலதா என்பது. கையில் வைத்துப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கதவில் வைத்தால்தான் வித்தியாசம் விளங்கும். இரண்டாவது, பின்னால் பூட்டுப் பெட்டிக்குள் போகும் தண்டின் நீளமும் தடிப்பும். மூன்றாவது, பூட்டு முகத்தில் அடித்திருக்கும் இலக்கம். எனக்குக் கிடைத்ததெல்லாம் இடதுதான். அதில் பூட்டோடு இருந்த ஒன்றையும், ஒரு மினி காரில் இருந்து கழற்றிய பழைய பூட்டு ஒன்றையும் வாங்கி வந்தேன்.

புதிதாக வார்த்து விற்கும் கைபிடிகளும் உண்டு. பார்த்தேன், பிடிக்கவில்லை. பாரம் குறைவு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு திறப்பு. முறிந்த கைபிடியைக் கோண்டாவில் பக்கம் உள்ள ஒரு முதிய மெக்கானிக்கிடம் காட்டினேன். 90களில் யாழ்ப்பாணத்துக்கு இருந்த பொருளாதாரத் தடைக்குள் மொரிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த தலைமுறை அவர். உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உதை எறிஞ்சு போடாதையும். உதை வைச்சு அச்செடுக்கலாம்" என்றார். வேலை திரும்பியது அந்தச் சொல்லில்தான்.

அந்தக் கைபிடிகள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. ஏறத்தாழ 385 பாகையில் உருகிவிடும்; சாதாரண வெல்டிங் வைத்தால் கையிலேயே வடிந்து போகும். அதனால் முறிந்த துண்டுகளை எபொக்சியில் ஒட்டி, அதையே மாதிரியாக வைத்து, குத்துவிளக்கு வார்ப்பவர் ஒருவரிடம் பித்தளையில் வார்க்கக் கொடுத்தேன். பித்தளை ஆறும்போது ஏறத்தாழ 1.5 சதவீதம் சுருங்கும். மாதிரியின் மேல் மெல்லிய பட்டி பூசிக் கொஞ்சம் பெருப்பித்துக் கொடுத்ததால் அளவு சரியாக வந்தது. தண்டை மட்டும் உருக்கில், லேத்தில் தனியாகக் கடைந்து இறுக்கினோம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பூட்டின் உள்ளே.

அந்தக் காலத்து லாண்ட் ரோவர், மினி, டிரயம்ஃப், எம்.ஜி. போன்ற பல பிரித்தானிய வாகனங்களில் எஃப்.எஸ். வரிசைத் திறப்புகள் வந்தன. 876 தொடக்கம் 955 வரை, மொத்தம் 80 வெட்டுகள்தான். பூட்டு முகத்தில் சோக்கைத் தேய்த்துத் துடைத்தால் இலக்கம் வெள்ளையாக எழும்பும். அந்த இலக்கம் தெரிந்தால் திறப்பு தொலைந்திருந்தாலும் புதிதாக வெட்டலாம். துரு பிடித்த பூட்டைக் குப்பையில் போடுவதற்கு முன் இலக்கத்தையாவது குறித்து வையுங்கள்.

சிலிண்டரை மண்ணெண்ணெயில் ஊற வைத்து, வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் கழற்றினேன். உள்ளே வரிசையாகச் சின்னப் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததுமாக ஒரு வில். திறப்பைச் செருகும்போது எல்லாத் தகடும் சிலிண்டரின் மேற்பரப்போடு சமமாக இறங்கினால் பூட்டு திரும்பும். எந்தத் தகடு துருத்தி நிற்கிறதோ அதுதான் தடுக்கிறது. இரண்டு கதவும் ஒரே திறப்புக்கு வரட்டும் என்று, மினியின் பூட்டில் இருந்த தகடுகளை எடுத்து, லாண்ட் ரோவர்ப் பூட்டில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் சமமாக வந்தன. அந்த ஒன்றை, கன்னாதிட்டியில் நகை வேலை செய்யும் நண்பரின் மெல்லிய அரத்தால் நாலைந்து இழுப்பு இழுத்ததும் விரலில் தட்டுப்படாமல் அடங்கியது. திறப்பைத் திருப்பியபோது கேட்ட அந்தச் சிறு 'டக்' சத்தத்துக்காக இன்னொரு பூட்டையும் கழற்றலாம்.

அரத்தை அளவோடு பாவியுங்கள். எல்லாத் தகட்டையும் ராவிவிட்டால் எந்தத் திறப்புக்கும் திறக்கிற பூட்டாகிவிடும். அப்புறம், பூட்டுக்குள் எண்ணெய் விட வேண்டாம். எங்கள் செம்மண் தூசு எண்ணெயோடு சேர்ந்து களியாக இறுகிவிடும். 2பி பென்சில் முனையைச் சுரண்டிய தூள் போதும்.

இன்னொன்று, கடலோரத்தில் இருப்பவர்களுக்கு. லாண்ட் ரோவரின் கதவுத் தோல் அலுமினியக் கலவை. பித்தளைக் கைபிடியை அதில் நேராக முறுக்கினால் உப்புக் காற்றில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். பழைய டியூபில் வெட்டிய ரப்பரை இடையில் வைத்து, ஸ்குரூக்களுக்கும் பிளாஸ்டிக் வளையம் போட்டேன். கைபிடிக்குக் குரோம் பூசவில்லை. ராணுவத்தில் பளபளப்பு தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும் என்று கைபிடிக்கும் வண்டியின் நிறத்தையே அடிப்பார்கள். நானும் கதவின் நிறத்தையே அடித்தேன், அழகாக இருக்கிறது.

அடுத்தது இயக்கும் சுவிட்ச். அதற்கும் இதே இலக்கத்துத் தகடுகளைப் போடப் போகிறேன். பின் கதவின் கைபிடி வேறு அமைப்பு, அதற்கு இன்னும் மாதிரி கிடைக்கவில்லை. சாவகச்சேரியில் ஒரு தோட்டத்துக்குள் உடைந்த சீரீஸ் வண்டி ஒன்று நிற்கிறது என்று கேள்விப்பட்டேன். இந்த ஞாயிறு அளவுகோலோடு போய்ப் பார்க்க இருக்கிறேன்.