மோலேயில் யானைகளோடு

ஜனவரி 14, ஞாயிறு

வடக்கு கானாவின் தமாலே நகரிலிருந்து தமோங்கோவுக்கு ட்ரோட்ரோ, அங்கே மாறி மோலே தேசியப் பூங்காவை ஒட்டிய லாராபங்கா கிராமம். கானாவில் ஷேர் வேனுக்கு ட்ரோட்ரோ என்று பெயர். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். சகாரா பக்கமிருந்து வீசும் ஹர்மட்டான் காற்று வானத்தையே சாம்பல் பூசினாற்போல் ஆக்கிவிட்டது. இரவுக்கு ஒரு வீட்டு மொட்டைமாடியில் பாயும் கொசுவலையும். அறையை விட மலிவு.

ஜனவரி 15, திங்கள்

விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பூங்காவுக்கு வந்துவிட்டேன். மோலே 4,500 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த காடு, கானாவிலேயே பெரிய தேசியப் பூங்கா. இங்கே ஜீப் இல்லாமல் நடந்தே போகலாம். துப்பாக்கியோடு வனக்காவலர் ஒருவர் முன்னால் போவார். ஷியா மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. கோப் மான்கள் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

திடீரென்று காவலர் கையை உயர்த்தினார். ஒரு பிடி புழுதியை எடுத்துத் தூவி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். அப்புறம் எங்களைச் சுற்றி அழைத்துப்போய் ஒரு புதர் ஓரமாக நிறுத்தினார். நாற்பது அடி தள்ளி ஒரு கொம்பன். தோளையே மறைக்கிற காது. கிளையை முறிக்கும் சத்தம், மெல்லும் சத்தம், வயிற்றுக்குள் உருளும் உறுமல்கூடக் கேட்டது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் காதில் விழுந்திருக்காது. அதுவாக நகர்ந்து போகும்வரை யாரும் பேசவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

மோலே மோட்டலில் டார்மிட்டரி கட்டில். மேட்டு விளிம்பில் இருப்பதால், கீழே உள்ள குட்டைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மதியம் மூன்று யானைகள் நீரில் இறங்கின. காட்டுப்பன்றிகள் முற்றத்திலேயே முன்னங்காலை மடித்து மேய்கின்றன. பபூன் குரங்குகள் இருக்கும் இடத்தில் சாப்பாட்டைத் திறந்து வைக்கக் கூடாது.

ஜனவரி 17, புதன்

பூங்கா ஓரத்து மோக்னோரி கிராமம். மோலே 1971-இல் தேசியப் பூங்கா ஆனது. காட்டுக்குள் குடியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டார்கள். அந்தக் காட்டைப் பார்க்க வரும் நாம் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்காவது சுற்றியுள்ள ஊர்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இங்கே வீட்டிலேயே தங்கவைக்கிறார்கள். ஆற்றில் சின்னப் படகில் போனோம். துடுப்பு போட்டவர் கரையில் முதலை இறங்கிய தடத்தைக் காட்டினார். இரவுக்கு துவோ சாஃபி, நம்ம ஊர்க் களி மாதிரியே, வெண்டைக்காய்க் குழம்போடு. பிட்டு, தொட்டு, விழுங்க வேண்டியதுதான்.

நாளைக்கும் தங்கலாமா என்று கேட்டேன். பாய் இருக்கிறது என்றார் அந்த வீட்டு அம்மா.