ஆசை அறுபது நாள், தவணை 36 மாதம்

வண்டியை விற்றுவிட்டு வந்த அன்று மாலை கையுறைகளை எடுத்துப் பார்த்தேன். நல்ல தடித்த தோல். வாங்கி 19 மாதம் ஆகியும் விரல் மடிகிற இடம் இன்னும் விறைப்பாகவே இருந்தது. தொடர்ந்து ஓட்டியிருந்தால் தோல் கைக்குப் பழகியிருக்கும். பழகவில்லை. அலமாரிக்கு மேலே தலைக்கவசத்தோடு சேர்த்துத் தூக்கிப் போட்டேன்.

நீண்ட பயணத்துக்கென்றே செய்த மோட்டார் சைக்கிள் அது. பெரிய டாங்க், அகலமான இருக்கை, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி மாட்ட இரும்புச் சட்டம். கடைக்குப் போனது ‘சும்மா பார்க்க’. விற்பனையாளர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. “மாசம் எவ்வளவுன்னா உங்களுக்குச் சிரமம் இருக்காது சார்?” என்று மட்டும் கேட்டார். நான் ஒரு தொகையைச் சொன்னேன். கால்குலேட்டரில் தட்டி, நான் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டினார். எனக்கு ஏதோ லாபம் வந்ததுபோல் இருந்தது. நாற்பது நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்ன நொடியிலேயே விலை என்ற ஒன்று மேஜையிலிருந்து காணாமல் போய்விட்டது என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

முதல் இரண்டு மாதம் ஞாயிறு தவறாமல் கிளம்பினேன். அப்புறம் மழை. அப்புறம் அலுவலகத்தில் ஆள் குறைப்பு, சனி ஞாயிறும் வேலை. அப்புறம் பாப்பாவுக்குக் காய்ச்சல். அப்புறம் காரணமே தேவைப்படவில்லை. ஆசை அறுபது நாள் என்று பெரியவர்கள் சரியாகத்தான் எண்ணி வைத்திருக்கிறார்கள். தவணை மட்டும் 36 மாதம். ஐந்தாம் தேதி காலை பணம் எடுத்துக்கொண்டதாகக் கைபேசியில் செய்தி வரும்போதெல்லாம், கீழே உறை போட்டு நிற்கிற வண்டி ஞாபகம் வரும். ஓட்டாத குற்ற உணர்ச்சிக்கும் சேர்த்து வட்டி கட்டுவதுபோல் இருக்கும்.

தொகையைச் சொன்னால் ஆளுக்கொரு கணக்கு ஓடும் என்பதால் வண்டியின் விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு 10 சதவீதம், ஃப்ளாட் ரேட் என்றார்கள். மூன்று வருஷத்துக்கு வட்டி 30, ஆக மொத்தம் 130, அதை 36-ஆல் வகுத்தால் மாதம் 3.61. பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி சுத்தமாக இருந்தது. அக்காதான் (கணக்கர் வேலையில் இருப்பவள், என் முட்டாள்தனங்களைக் கண்டுபிடிப்பதில் தனி மகிழ்ச்சி காண்பவள்) அந்தத் தாளைத் திருப்பிப் போட்டாள்.

“மாசா மாசம் அசலையும் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சுட்டே வர்றே. ஆனா வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு நூறுக்கும் போட்டிருக்காங்க. நிஜமா உன் தலைமேல இருக்கிற கடனுக்கு மட்டும் பாரு, வருஷத்துக்குப் பதினெட்டு சதவீதம் வருது” என்றாள்.

சந்தேகத்தில் நானும் ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். 17.9. அவள் சொன்னது சரி.

19 தவணை கட்டிய பிறகு விற்கலாம் என்று முடிவெடுத்தேன். அதுவரை கட்டியது 68.6. கடனில் பாக்கி இருந்தது 54. ஆரம்பத் தவணைகளில் வட்டியின் பங்கு பெரிது, அசல் மெதுவாகத்தான் கரையும் என்பதைக் காகிதத்தில் படிப்பது வேறு, பாக்கிச் சீட்டில் பார்ப்பது வேறு. வண்டி போன விலை 51. ஆக, வண்டியையும் கொடுத்து, கையிலிருந்து 3-ம் கொடுத்து, முன்கூட்டியே அடைப்பதற்கென்று ஒரு கட்டணமும் கொடுத்துத்தான் வெளியே வந்தேன். நாட்குறிப்பைப் புரட்டினால் நான் போன நீண்ட பயணங்கள் மொத்தம் 11. அந்த 11 தடவையும் வாடகைக்கு வண்டி எடுத்திருந்தால், செலவு இதில் ஒரு சிறு பகுதிதான் ஆகியிருக்கும். வாடகை என்ற யோசனை அப்போது வரவே இல்லை. ஆசைப்பட்டவனுக்கு வாடகை அவமானமாகத் தோன்றுகிறது, ஏனோ.

இனி விளையாட்டுச் சாமானுக்குக் கடன் இல்லை என்று சத்தியம் செய்தேன்.

அடுத்த ஆசை தொலைநோக்கி. 2023 ஜனவரியில் அதற்கென்று ஒரு தனிக் கணக்கு தொடங்கி, ‘குழாய்’ என்று பெயர் வைத்தேன். சம்பளம் வந்த மறுநாளே குறிப்பிட்ட தொகை தானாக அதற்குப் போய்விடும். மாதக் கடைசியில் மிச்சம் பிடித்துப் போடலாம் என்றிருந்தால் போட்டிருக்கவே மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

இங்கேயும் விலையை 100 என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 4 வீதம் 24 மாதம் போட்டால் கையிலிருந்து போவது 96. ஆறு சதவீத வட்டி கிடைத்தால் அது 101-ஐத் தாண்டிவிடும். அதே 24 மாதத்துக்கு 12 சதவீதத்தில் கடன் வாங்கினால் (இது குறையும் பாக்கிக்கு வட்டி போடும் நேர்மையான முறை) மாதம் 4.7, மொத்தம் 113. வித்தியாசம் 17. இரண்டு வருஷம் முன்கூட்டியே கையில் கிடைப்பதற்கான வாடகை அந்த 17. அப்படிப் பார்த்தபோது எனக்குக் கடன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. வாரா வாரம் உபயோகிக்கப்போகிறவனுக்கு 17 ஒன்றும் அநியாயம் இல்லை. இரண்டு வருஷத்தில் பொருளின் விலை 6 ஏறிவிட்டால் வித்தியாசம் இன்னும் சுருங்கிவிடும். அக்காவிடம் இதைச் சொன்னபோது, “வாரா வாரம் நீ?” என்று மட்டும் கேட்டாள்.

‘வட்டியே இல்லை’ என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அதையும் பார்த்தேன். மொத்தமாகக் கொடுத்தால் 95-க்குத் தருவார்களா என்று கேளுங்கள். தருவார்கள் என்றால், 12 தவணையாக 100 கட்டுகிறவர் ஆண்டுக்கு ஒன்பதரை சதவீதத்துக்குமேல் வட்டி கட்டுகிறார். விலைச் சீட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, தொலைநோக்கிக்கு வருகிறேன். அந்த ஜனவரியிலேயே கடன் வாங்கியிருந்தால் நான் எதை வாங்கியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய், கோளைத் தானே தேடிப் பிடிக்கும் மோட்டார், கைபேசி இணைப்பு. வழவழவென்று இருக்கும். அதன் படத்தைத் திரையில் வைத்திருந்தேன். காத்திருக்கிற காலத்தில் சும்மா இருக்க முடியாமல் யாரோ உபயோகித்த பழைய 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 50 மில்லிமீட்டர்) ஒன்றை வாங்கினேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வியாழனுக்குப் பக்கத்தில் அதன் நாலு நிலவுகளையும் புள்ளி புள்ளியாகப் பார்த்தேன். கலிலியோ 1610-ல் பார்த்த அதே நாலு. மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். இரண்டு மாதம் நோட்டில் அந்தப் புள்ளிகளை வரைந்துகொண்டே இருந்தேன்.

அப்படிப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தது. எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது பெரிய விஷயமே இல்லை, எவ்வளவு ஒளியை அள்ளும் என்பதுதான் விஷயம். அது விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 90 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால் 200 மில்லிமீட்டர் ஆடி கிட்டத்தட்ட 5 மடங்கு ஒளியைச் சேர்க்கும். மோட்டார் இல்லாமல், மரப்பெட்டி மேல் கையால் திருப்புகிற டாப்சோனியன் வகையில் அந்த ஆடி ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைத்தது. துறவியாக இருந்த ஜான் டாப்சன் கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்தும், அட்டைக் குழாயை வைத்தும் செய்த வடிவம் அது. நடைபாதையில் நிறுத்திப் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவாராம். காசில்லாமல் பிறந்த வடிவத்துக்கு நான் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன்.

பொறுமைக்குக் கூலியாக மட்டும் கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2024 அக்டோபரில் சுசின்ஷான்–அட்லஸ் வால்மீன் வந்தது. என் கணக்கில் இன்னும் மூன்று மாதத் தொகை பாக்கி. வயிறு எரிந்தது. பாக்கியை மட்டும் கடன் அட்டையில் தேய்த்துவிடலாமா என்று இரவு பதினொரு மணிக்குக் கைபேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேய்க்கவில்லை. பைனாகுலரில் பார்த்தேன். மேற்கே அடிவானத்துக்கு மேல் மங்கலான வால் நீண்டு கிடந்தது. அப்புறம்தான் தெரிந்தது, நான் ஆசைப்பட்ட குழாயில் ஒரு தடவைக்கு ஒரு பாகை அகலம்தான் தெரியும், அந்த வாலில் ஒரு துண்டுதான் கிடைத்திருக்கும். தப்பித்தேன்.

சனிக் கோளிடம் தப்பிக்கவில்லை. சனியின் வளையம் நம் பார்வைக்கு விரிந்தும் சுருங்கியும் வரும். 2017-ல் முழுதாக விரிந்து சுமார் 27 பாகை சாய்ந்து தெரிந்தது. 2025 மார்ச்சில் விளிம்பு நம் பக்கம் திரும்பி, இல்லாததுபோல் ஆகிவிட்டது. நான் மாதா மாதம் காசு சேர்த்த இரண்டு வருஷமும் அது சுருங்கிக்கொண்டே வந்த இரண்டு வருஷம். 2025 ஜனவரியில் குழாய் வந்து இறங்கியது. முதல் தெளிவான மாலை, பக்கத்தில் வெள்ளி பளீரென்று எரிய, சனியைப் பிடித்தேன். 120 மடங்கு. பாப்பாவை ஸ்டூல்மேல் ஏற்றிவிட்டேன்.

“பந்துல கொண்டை ஊசி குத்தின மாதிரி இருக்கு. வளையம் எங்கப்பா?”

“அதுதாம்மா வளையம்.”

“புக்குல அப்படி இல்லையே.”

2032-ல் திரும்ப நன்றாக விரியும் என்று சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்போ எனக்குப் பதினாறு” என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாள். நவம்பரில் இன்னும் மோசம், மயிரிழைதான். இருந்தாலும் குழாய் வாரம் ஒரு தடவையாவது வெளியே வருகிறது. மரப்பெட்டியின் கைப்பிடியில் வார்னிஷ் லேசாக மங்க ஆரம்பித்திருக்கிறது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், குழாயை இல்லை, அந்தக் கைப்பிடியை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நடுவில் நடந்த இன்னொன்றை விட்டுவிட்டால் இது பொய்க் கதை ஆகிவிடும். வண்டி விற்றதற்கும் குழாய்க் கணக்குக்கும் இடையில் முதலில் காசு சேர்க்கத் தொடங்கியது அப்பாவுக்காக. பனி படர்ந்த மலையைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருஷ ஆசை. முதல் மாதமே அவருக்குக் கழுத்து வரை மூடுகிற நீல ஸ்வெட்டர் ஒன்று வாங்கிவிட்டேன். அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் வைத்தாள். கடன் இல்லை என்று சத்தியம் செய்தாயிற்றே, நிதானமாகச் சேர்த்தேன். பதினான்காவது மாதம் அப்பா மாடிப்படியின் மூன்றாவது படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முழங்கால் தேய்மானம், ஏற்றம் இறக்கம் கூடாது என்றார் மருத்துவர். சேர்த்த காசு வைத்தியத்துக்குப் போனது. கையில் காசு இருந்ததால்தானே சமாளித்தோம் என்று அக்கா ஆறுதல் சொன்னாள். அதுவும் உண்மைதான். ஆனால் முதல் மாதமே கடன் வாங்கிக் கூட்டிக்கொண்டு போயிருந்தால், வட்டி எத்தனை சதவீதமாக இருந்தாலும் அவர் மலையைப் பார்த்திருப்பார். வளையம் திரும்ப விரியும், முழங்காலுக்கு அப்படி எந்த வருஷமும் குறித்து வைக்க முடியவில்லை.

என் சத்தியம் முட்டாள்தனமான சத்தியம். மோட்டார் சைக்கிளுக்கும் அப்பாவுக்கும் ஒரே சட்டம் போட்டது என் தப்பு.

போன வருஷக் கடைசியில் அப்பா, “கடல்னா படி ஏற வேண்டாம்ல?” என்று தானாகக் கேட்டார். மறுவாரமே ஆறு மாதக் கடன் ஒன்று போட்டேன். குறையும் பாக்கி முறைதானா, முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்று இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் கூட வந்தாள்.

நேற்று நான்காவது தவணை போனது. அந்தப் பயணத்தில், கடற்கரையில் சாயங்காலம் காற்று கொஞ்சம் பலமாக அடித்ததும், அப்பா பையிலிருந்து அந்த நீல ஸ்வெட்டரை எடுத்து உறையைப் பிரித்தார். வேர்த்துக் கொட்டியது, கழட்ட மாட்டேன் என்றுவிட்டார். பிளாஸ்டிக் உறை காற்றில் பறந்தது, அதைப் பிடிக்கப் பாப்பா தண்ணீர் விளிம்பு வரை ஓடினாள்.