மீதமிருந்த எச்சரிக்கை

வாடிக்கையாளரிடம் கனிவாக நடந்துகொள்ளுங்கள் என்று எங்கள் வங்கியில் அடிக்கடி பயிற்சி வகுப்பு நடக்கும். காலையில் இருக்கும் கனிவு மாலைக்குள் எங்கே போய்விடுகிறது என்பதை அங்கே யாரும் பேசியதில்லை. அதை எனக்குப் புரியவைத்தது ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ என்ற வீடியோ கேம்.

லூகாஸ் போப் ஏறத்தாழத் தனியாளாக உருவாக்கி 2013இல் வெளியிட்டது. 1982ஆம் ஆண்டு, அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு. அதன் எல்லைச் சாவடியில் நாம் ஆய்வாளர். பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். கூலி தலைக்கணக்கில்தான். வீட்டு வாடகை, சாப்பாடு, குளிர்காயும் செலவு, மருந்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை, பிறகு அபராதம். விதிகளோ நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும்.

ஒருவர் வருகிறார், தாள்கள் எல்லாம் சரி. பின்னால் வரும் மனைவியிடம் இரக்கம் காட்டும்படி கேட்டுக்கொண்டு உள்ளே போகிறார். அந்தப் பெண்ணிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. விட்டால் தவறு நம் கணக்கில் ஏறும். மறுத்தால் குடும்பம் பிரியும். அவர்களுக்காகக் கண்ணீர் விடும்படி இந்த விளையாட்டு நம்மைக் கேட்பதில்லை. முத்திரையை மட்டும் கையில் கொடுத்துவிடுகிறது.

ஆவணச் சரிபார்ப்புக்குப் புதிதாக வந்தவர்களிடம் இதை விளையாடச் சொன்னேன். ஓர் இளைஞர் அந்தப் பெண்ணை உள்ளே விட்டிருந்தார். ஏன் என்றேன். “அன்றைக்கு எச்சரிக்கை மீதமிருந்தது மேடம். இல்லாவிட்டால் விட்டிருக்க மாட்டேன்” என்றார். அந்த நேர்மையான பதில் என்னை வெகுநாள் விடவில்லை. எரிந்து விழும் ஊழியரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவருக்கு எத்தனை எச்சரிக்கை மீதமிருக்கிறது என்று எந்தப் பயிற்சி வகுப்பும் கேட்டதில்லை.

நவம்பரில், ஓய்வூதியம் தொடர உயிரோடிருப்பதை உறுதிசெய்யும் வாழ்நாள் சான்றிதழுக்காக ஓய்வூதியர்கள் வருவார்கள். வேலை செய்தே ரேகை தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்காது. மொபைலில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யலாம், காகிதப் படிவமும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் நேரம் பிடிக்கும். டோக்கன் எண்ணிக்கையை வைத்து மதிப்பிடப்படும் ஊழியருக்கு அந்தப் பெரியவர் ஒரு தாமதம். பெரியவருக்கோ அடுத்த மாத மருந்தே அந்தச் சான்றிதழை நம்பித்தான் இருக்கிறது. இருவர் பக்கமும் நின்று பார்த்த பிறகு ஒருவரை மட்டும் குறைசொல்ல என்னால் முடியவில்லை.

நவம்பர் முழுக்க எண்ணிக்கைக் கணக்கு இல்லாத ஒரு கவுன்ட்டர் வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டேன். மதியம் வரைக்கும் என்று ஒப்புக்கொண்டார். மாலை வரை நீட்டிக்கும்படி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.