வீட்டுவண்டிக்கு வாரண்டி: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 4, 2025, செவ்வாய்

மோட்டார்ஹோமுக்கு, அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வீட்டுவண்டிக்கு, முன்பணம் கொடுத்தாயிற்று. 2019 தயாரிப்பு, முதல் சொந்தக்காரர் அதிகம் ஓட்டாதது. எல்லாம் முடிந்து எழுந்திருக்கப் போகும்போதுதான் மேசைக்குள்ளிருந்து இன்னொரு காகிதம் வந்தது. ஐந்து வருடத்துக்கு எக்ஸ்டென்டட் வாரண்டி, அதாவது நீட்டித்த பழுது உத்தரவாதம். தொகை, வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கை நெருங்குகிறது. இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலையாம்.

"யானையையே வாங்கியாச்சு, அங்குசத்துக்குப் போய் யோசிக்கிறியே" என்றார் இவர். நான் முழு ஒப்பந்தத்தையும் கேட்டேன். வழவழப்பான வண்ணத் தாள் ஒன்றைத் தந்தார்கள். "இது விளம்பரம். நான் கேட்டது ஒப்பந்தம்" என்றேன். அரை மணி நேரம் காக்க வைத்துவிட்டுத் தந்தார்கள்.

மார்ச் 6, வியாழன்

28 பக்கம். முகப்பில்தான் வாரண்டி, உள்ளே எல்லா இடத்திலும் 'சேவை ஒப்பந்தம்'. தயாரித்தவர் தன் பொருளுக்குக் கொடுக்கும் வாக்குறுதி வேறு, யாரோ ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு பழுதுச் செலவை ஏற்பது வேறு. இதில் மூன்று பேர் இருக்கிறார்கள்: விற்பவர், பழுதுக் கோரிக்கையைப் பார்த்து அனுமதி தரும் நிர்வாக நிறுவனம், அதற்குப் பின்னால் நிற்கும் காப்பீட்டு நிறுவனம். மூன்றாமவர் பெயர் கடைசிப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில். நிர்வாக நிறுவனம் கடையைக் கட்டினால் நமக்குப் பணம் தர வேண்டியவர் அவர்தான்.

இந்த ஒப்பந்தங்களில் இரண்டு வகை. 'இன்னின்ன பாகங்களுக்கு மட்டும்' என்று பட்டியல் போடுவது ஒன்று. 'இவை தவிர எல்லாம்' என்பது இன்னொன்று. விலை கூடியது இரண்டாவது, நம்முடையது அதுதான். ஆனால் 'இவை தவிர' மட்டும் ஆறு பக்கம் ஓடுகிறது. தேய்மானம், டயர், பேட்டரி, துரு, வாங்கும்போதே இருந்த பழுது, நீர்க்கசிவு, கசிவால் வந்த சேதம், பராமரிப்பு ரசீது இல்லாத எதுவும்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணனிடம் பேசினேன். இப்படி ஒரு வண்டியைப் பல வருடம் வைத்திருந்தவர். ஒப்பந்தமும் வாங்கியிருந்தார்.

ஒரு தடவை ஸ்லைடு-அவுட் மோட்டார் போயிற்று. வண்டியை நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே நீளுமே, அந்த அறையை இழுப்பது. அறை பாதி வெளியே நிற்கிறது, வண்டியை நகர்த்த முடியவில்லை. அனுமதி கேட்டார், மறுநாளே கிடைத்தது, பணமும் வந்தது. அதற்கு அடுத்த வருடம் ஃபிரிட்ஜ். இந்த வண்டிகள் பலவற்றில் இருக்கும், கேஸிலும் ஓடும் அம்மோனியா வகை. கம்ப்ரசர் கிடையாது, வெப்பத்தால் திரவம் கொதித்து, குழாய் வழியே தானாகவே கீழே வழிந்து வர வேண்டும். அதனால் சரிவான இடத்தில் வண்டியை நிறுத்தி ஃபிரிட்ஜை ஓட்டினால் உள்ளே சூடேறிக் குழாய் கெட்டுவிடும். ஒரு நாள் பின்பக்கம் மஞ்சள் பொடி படிந்திருந்தது, அம்மோனியா நெடி. குளிரூட்டும் பகுதியையே மாற்ற வேண்டும். பரிசோதனைக்கு வந்தவர் 'சமதளமில்லாத இடத்தில் ஓட்டியிருக்கிறீர்கள்' என்று எழுதிவிட்டுப் போனார். கழற்றிப் பார்த்த கூலியும் அண்ணன் தலையில்.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும்மா. வாங்கறதுன்னா ஒவ்வொரு ரசீதையும் தேதி போட்டு எடுத்து வை" என்றார். வாங்காதே என்று சொல்லவே இல்லை.

மார்ச் 10, திங்கள்

விற்பனை அலுவலகத்திலிருந்து மூன்று அழைப்பு. நான் எடுக்கவில்லை, இவர் எடுத்துவிட்டார்.

மார்ச் 15, சனி

விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் வண்டியைக் காட்டினோம். நாள் முழுக்கப் பார்த்தார். டயர் பக்கச்சுவரில் கடைசி நாலு எண் 2119. அதாவது 2019-இன் 21-வது வாரம். தரையில் படும் பட்டை நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயசாகிவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார். பிறகு கூரைக்கு ஏறினார். காற்றுப்போக்கி, ஆன்டெனா என்று கூரையில் துளை போட்ட இடத்தையெல்லாம் சுற்றிப் பூசிய சீலன்ட், கசிவை அடைக்கும் பசை, இரண்டு இடத்தில் வெடித்திருக்கிறது. கீழே படுக்கைக்கு மேல் மூலையில் ஈரப்பதமானியை வைத்தார், முள் ஏறியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, சுவர் பளிச்சென்று இருக்கிறது.

இந்த வண்டிகளைக் கொல்வது எஞ்சின் இல்லை, தண்ணீர்தான் என்றார். உள்ளே மரச்சட்டம் ஊறி மக்கிப்போவது வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்குமாம். அந்தத் தண்ணீர் 'இவை தவிர' பட்டியலில் இருக்கிறது. கசிவைச் சரிசெய்து தந்தால்தான் மீதிப் பணம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

மார்ச் 18, செவ்வாய்

இரவு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தோம். ஃபிரிட்ஜ், இரண்டு ஏசி, ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், வண்டியைச் சமன்செய்யும் ஜாக்கிகள், ஸ்லைடு-அவுட். மெக்கானிக் சொன்ன மாற்றுச் செலவை எதிரே எழுதினேன். இவற்றில் பெரியதாக இரண்டு, ஐந்து வருடத்துக்குள் போனாலும் ஒப்பந்தத் தொகையைத் தொடவில்லை. மூன்று போனால் தாண்டும். அதோடு ஒவ்வொரு பழுதுக்கும் நம் பங்கு என்று ஒரு தொகை கட்ட வேண்டும். பட்டறைக்குப் போகும் 'ஒவ்வொரு வருகைக்கும்' என்றிருந்தால் இரண்டு பழுதைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம், இதில் அப்படி இல்லை. எஞ்சினோ கியர்பாக்ஸோ போனால் மட்டும் என் கணக்கு தலைகீழ். அதை மறைக்கவில்லை, பெரிய எழுத்தில்தான் எழுதினேன்.

"கணக்கு சரிதான். நடுவழியில நிக்கறப்ப கணக்கு கூட வருமா?" என்றார் இவர். அவர் பயப்படுவது செலவுக்கு இல்லை, நடுவழிக்கு. நடுவழியில் இந்த ஒப்பந்தம் என்ன செய்யும் என்று தேடினோம். வண்டியைக் கட்டி இழுப்பதற்குச் சிறு தொகை, அதுவும் பழுது ஏற்கப்பட்டால்தான். பெரிய வண்டிகளை இழுக்கும் சாலை உதவித் திட்டம் தனியாகவே கிடைக்கிறது, இதில் ஒரு துளி விலைக்கு. அதை அப்போதே எடுத்துவிட்டோம்.

மார்ச் 23, ஞாயிறு

வாங்கவில்லை. அதே தொகையை அறுபது மாதத்துக்குப் பிரித்து, தனிக் கணக்கில் போடுவது என்று முடிவு. இவர் போட்ட நிபந்தனை: வேறு எதற்கும், என் தங்கை கல்யாணமே ஆனாலும், அதைத் தொடக்கூடாது. முதல் வருடத்தில் எஞ்சின் போனால் அந்தக் கணக்கில் ஒன்றுமே இருக்காது என்பதும் இருவருக்கும் தெரியும்.

வேண்டாம் என்று சொன்ன பத்தாவது நிமிடம் விலையில் கால்பங்கு குறைந்தது. அப்படியானால் 'இன்றைக்கு மட்டும்' என்ற அன்றைய விலை என்ன விலை?

மார்ச் 31, திங்கள்

வண்டி வந்தது. கசிவை அடைத்து, மூலையைத் திறந்து காயவைத்திருக்கிறார்கள். படமும் எடுத்துத் தந்தார்கள். தனிக் கணக்கிலிருந்து முதல் செலவு நாலு குழாய் சீலன்ட். நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள இவர் கூரையில் தவழ்ந்து தவழ்ந்து பூசினார்.

மாலையில் ஜெனரேட்டரைப் போட்டோம். முதல் தடவை கிளம்பவில்லை, இரண்டாவது தடவைதான் கிளம்பியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.