பென்சில் கோட்டுக்குள் ஒளிந்திருந்த வித்தியாசம்

ஏழாம் நூற்றாண்டில் கணிதவியலாளர் முதலாம் பாஸ்கரர் தன் மகாபாஸ்கரீயம் என்ற நூலில், கோணத்தின் சைன் (முக்கோணவியல் விகிதம்) மதிப்பைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி சொல்லியிருக்கிறார். கோணத்தை, 180-லிருந்து அதைக் கழித்த மிச்சத்தால் பெருக்க வேண்டும். வருவதன் நான்கு மடங்கு பின்னத்தின் மேலே. 40500-லிருந்து அந்தப் பெருக்கல் தொகையைக் கழித்தது கீழே. அவ்வளவுதான். 30 பாகைக்குப் போட்டேன்: 30 × 150 = 4500. மேலே 18000, கீழே 36000. அச்சு அசலாக 0.5!

உண்மையான சைனுக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க, முதலில் கிராஃப் தாளில் 10 செ.மீ. உயரத்துக்கு இரண்டையும் வரைந்தேன். ஒரே கோடுதான் தெரிந்தது. சரி, ஒரு சார்பிலிருந்து மற்றதைக் கழித்தே விடலாம் என்று ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தேன்.

30 பாகைக்கு நேரே சுழியம் வரவேண்டும். வந்ததோ −4501.43. சைனுக்கு அது கோணத்தைப் பாகையில் அல்ல, ரேடியன் என்ற வேறு அலகில்தான் எதிர்பார்க்கும். நான் வெறும் 30 என்று கொடுத்திருந்தேன். திருத்தினேன். இப்போது −4499.94! கீழே இருக்க வேண்டியதை அடைப்புக்குறிக்குள் போடாததால் 40500 மட்டும் வகுக்க, 4500 தனியே கழிந்திருக்கிறது. பள்ளியில் இதே அடைப்புக்குறிக்காக எத்தனை மதிப்பெண் போயிருக்கும்!

அடைப்பு போட்டதும் சுழியம். பாகைக்கு ஒன்றாக 180 வரை இழுத்துவிட்டு, வித்தியாசத்தை மட்டும் ஆயிரம் மடங்கு பெருக்கி வரைந்தேன். அழகான வளைவு. 0-விலிருந்து கீழே இறங்கி, 12 பாகை பக்கம் −0.0016 வரை போய், 30-இல் கோட்டைக் கடந்து மேலேறுகிறது. 52 பக்கம் 0.0013. பிறகு 90-க்கு இறங்கி, கோட்டைக் கடக்காமல் சும்மா தொட்டுவிட்டு மறுபடி மேலே. அந்தப் பக்கம் அப்படியே கண்ணாடி பிம்பம். கிராஃப் தாளில் 0.0016 என்பது 0.16 மில்லிமீட்டர், என் பென்சில் கோட்டின் தடிமன் அதைவிட அதிகம். பிறகு எங்கே தெரியும்?

கழிக்கும் வரிசையை மாற்றினால் படம் தலைகீழ். கூட்டலில் இந்தத் தொல்லை கிடையாது. சைனிலிருந்து பாஸ்கரரைக் கழிப்பது என்றே வைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒரு குறும்பு: 40500-க்குப் பதில் 40600. 12 பாகையில் பிழை 0.0011 ஆகக் குறைந்தது. ஆனால் உச்சியில், 90-இல், 0.0031 ஆக எகிறியது. 30-இலும் சுழியம் போயிற்று. பழைய எண்ணையே போட்டுச் சேமித்தேன்.