அப்பாவின் இரத்த அறிக்கையில் ஒரு வரி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய என் அப்பாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில், சர்க்கரை, கொழுப்பு அளவுகளுக்குக் கீழே 'சிஆர்பி 4.2' என்று ஒரு வரி இருந்தது. இனிப்புநீரைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்போல் பேசும் அப்பா, அதன்மேல் விரலை வைத்து, "இது என்னடா புதுசா?" என்றார்.

உடலில் அழற்சி, அதாவது காயத்துக்கோ கிருமிக்கோ எதிராக உடல் காட்டும் எதிர்வினை, எழும்போது கல்லீரல் சுரக்கும் புரதம்தான் சிஆர்பி. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய ஆபத்து குறைவு என்றும், 3-ஐத் தாண்டினால் அதிகம் என்றும் கொள்கிறார்கள். இனிப்புநீர் எனும் நீரிழிவில் நெடுநாள் உயர்ந்திருக்கும் சர்க்கரை இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்படுத்த, அங்கே நுழையும் கொழுப்பை விழுங்க வரும் வெள்ளணுக்கள் அழற்சியை மேலும் மூட்டிவிட, குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு வளர்கிறது. அதன் மேல்மூடி மெலிந்து கிழியும்போது இரத்தம் உறைந்து மாரடைப்பு வருகிறது. நீரிழிவால் நரம்பு மரத்துப்போன சிலருக்கு நெஞ்சுவலிகூடத் தெரிவதில்லை என்பதுதான் எனக்கு அச்சம் தருகிறது.

2017-இல் வெளியான காண்டோஸ் என்ற மருந்து ஆய்வில், கெட்ட கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணித்த கனாகினுமாப் ஊசி, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை ஏறத்தாழ 15 விழுக்காடு குறைத்தது. ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின.

படிவு எந்தக் குழாயில் உள்ளது என்று சிஆர்பி சொல்லாது. சளிக்காய்ச்சலுக்கும் புண்ணுக்கும்கூட அது ஏறும். அப்பாவின் குதிகால் வெடிப்பு சீழ் பிடித்திருந்ததை அவர் மருத்துவரிடம் சொல்லவே இல்லை. அது ஆறியபின் மறுபடி இரத்தம் கொடுக்கப் போகிறோம்.