ஆர்வி-7: சுக்கானின் பின்விளிம்பு ஒருவழியாக நேராகிவிட்டது

நானே பாகங்களைச் சேர்த்துக் கட்டிவரும் சிறு விமானம் ஆர்வி-7. அதன் வாலில் நின்று விமானத்தை இடவலமாகத் திருப்பும் சுக்கானின் பின்விளிம்பில் நேர்சட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரு கீற்றுகூட இடையில் தெரியவில்லை. முதல் சுக்கான் நெளிந்துபோய், புதுத் தகடுகள் வரவழைத்து மறுபடி தொடங்கியது வீண்போகவில்லை.

போன தடவை ஒரு முனையில் ஆரம்பித்து வரிசையாக ரிவெட் (தகடுகளை இணைக்கும் உலோக ஆணி) அடித்துக்கொண்டே போனேன். அடிக்க அடிக்கத் தகடு இம்மி இம்மியாக நகர்ந்து, மறுமுனைக்குப் போவதற்குள் விளிம்பு வில்லாக வளைந்துவிட்டது. இப்படி வளைந்ததைப் பொருத்திப் பறந்தால் விமானம் ஒரு பக்கமாக இழுக்கும்.

இந்தத் தடவை முதலில் ஒரு நேரான அலுமினியக் கோணச் சட்டத்தில், விளிம்பின் துளைகளை அப்படியே துளைத்துக்கொண்டேன். பின்விளிம்பில் இரு தகடுகளுக்கும் இடையில் வைக்கும் ஆப்பு வடிவப் பட்டை சாய்வாக இருப்பதால் டிரில்லைத் தகட்டுக்குச் செங்குத்தாகப் பிடிக்கக் கூடாது. சுக்கானின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். ஆப்பின் இருபுறமும் டேங்க் சீலண்டை (எரிபொருள் தொட்டியை ஒழுகாமல் அடைக்கும் பசை) மெல்லிசாகப் பூசி, சட்டத்தோடு சேர்த்துக் கிளெகோ (துளையில் செருகித் தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் கவ்வி) போட்டேன். ஒன்று விட்டு ஒன்று அல்ல, எல்லாத் துளைகளிலும். சீலண்ட் இறுகட்டும் என்று இரண்டு நாள் கிட்டவே போகவில்லை. (முதலில் வந்த சீலண்ட் காலாவதியானது. விற்றவர் மாற்றித் தரவும் மறுத்துவிட்டார். வாங்கும்போதே தேதியைக் கேளுங்கள்.)

அப்புறம்தான் ரிவெட். தலை தகட்டோடு சமமாகப் படியும் ஏஎன்426ஏடி3-3.5 வகை; அதன் தலை எஃகுப் பலகையில் படிந்திருக்க, வால் பக்கம் (அடித்து நசுக்கும் முனை) காற்றில் இயங்கும் ரிவெட் துப்பாக்கி. காற்றழுத்தத்தை நன்றாகக் குறைத்து நடுவில் ஒன்று, இரு முனைகளிலும் ஒவ்வொன்று, பிறகு இடைவெளிகளின் நடுவில் என்று மாற்றி மாற்றி அடித்தேன். எதையும் முழுதாக அடிக்கவில்லை, பாதிதான். எல்லாம் பாதி உட்கார்ந்ததும் நேர்சட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, அதே வரிசையில் இரண்டாம் சுற்று. வால் பக்கம் தலைப் பக்கம் போல வழுவழுப்பாக வராது. துளையைச் சுற்றித் தகட்டை அழுத்திச் செய்த டிம்பிள் குழியை நிறைத்து உட்கார்ந்தால் போதும். அதைச் சமப்படுத்துகிறேன் என்று மேலும் தட்டினால் விளிம்புதான் வளையும்.

அடுத்த வேலைக்காக எலிவேட்டர் (விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) தகடுகளை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். அவற்றின் பின்விளிம்பு மடித்தே வருவதால் ஆப்பு வேலை இல்லை. ஆனால் விறைப்புப் பட்டைகள் முடியும் இடத்தில் விரிசல் விடாமலிருக்க உள்ளே ஆர்டிவி (ரப்பர் போல இறுகும் சிலிக்கான் பசை) வைக்க வேண்டும்.

சுக்கானில் முன்விளிம்பைச் சுருட்டும் வேலை இன்னும் பாக்கி. குழாயில் தகட்டை ஒட்டிச் சுருட்டுவதை முதலில் அந்த நெளிந்த சுக்கானில் பழகிக்கொண்டு, பிறகு இதில் கை வைக்கிறேன்.